ஈசான் கிராமத்தில் குடியேறப் போகிறவருக்கு

தாய்லாந்தின் வடகிழக்கில் 20 மாகாணங்கள் சேர்ந்த பகுதிக்கு ஈசான் என்று பெயர். கோன் கேன், உடோன் தானி, உபோன் ராட்சதானி போன்ற நகரங்களைத் தாண்டி உள்ளே போனால் நெல்வயல், மரவள்ளி, கரும்பு, நடுவே நூறு இருநூறு வீடுகள், ஒரு புத்தர் கோயில் என்று ஊர்கள் வரும். இந்த ஊர்ப் பெண்ணையோ ஆணையோ மணந்தவர்கள், ஓய்வுக்காலத்தைச் சிக்கனமாகக் கழிக்க வந்தவர்கள், பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் என்று வெளிநாட்டவர் பலர் அங்கே குடியிருக்கிறார்கள். அப்படிப் போகப்போகிற தமிழருக்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் நீங்கள் தனி ஆள் அல்ல, ஒரு வீட்டின் ஆள். சட்டம் உங்களை அந்த வீட்டின் பெயரில்தான் பதிவுசெய்கிறது. ஊரும் இன்னார் வீட்டு மருமகன், இன்னார் வீட்டில் குடியிருப்பவர் என்றுதான் உங்களை அறியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் தாமாகவே புரியும்.

புறப்படும் முன்

மாதம் பார்த்துப் பயணத்தை வையுங்கள். நவம்பரில் அறுவடை. டிசம்பர், ஜனவரியில் காலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். ஜனவரி வாக்கிலிருந்து வயலையும் கரும்புத் தோகையையும் எரிக்கும் புகை ஊரைச் சூழும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பருவத்தைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஜூன், ஜூலையில் மழையும் நடவும் சேர்ந்து வரும். ஏப்ரலில் போய் இறங்கி ஊரை எடைபோடுவது ஊருக்குச் செய்யும் அநியாயம். நவம்பரில் போங்கள்.

2025 மே 1 முதல், நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை; காசு கேட்கிற தளம் அரசின் தளம் அல்ல. அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். வீட்டு எண், 'மூ' எனப்படும் ஊர்ப் பிரிவு எண், தம்போன் எனப்படும் ஊர்த் தொகுதி, அம்போ எனப்படும் வட்டம், மாகாணம், அஞ்சல் குறியீடு என்ற வரிசையில் முகவரி இருக்கும். அதைத் தாய்லாந்து எழுத்தில் எழுதி வாங்கி போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்திலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் இந்த ஒரு படம் உங்கள் உச்சரிப்பைக் காப்பாற்றும்.

பெட்டியில் துவரம்பருப்பு, பெருங்காயம், கடுகு, சாம்பார்ப் பொடி ஆகியவற்றுக்கு இடம் வையுங்கள். புளி, தேங்காய், மஞ்சள், கொத்தமல்லி பற்றிக் கவலை வேண்டாம். முருங்கை வேலியோரமாகவே நிற்கும்.

முதல் 24 மணி நேரம்

வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர், அவர் வந்து 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம். இதற்கான படிவத்துக்கு டிஎம் 30 என்று பெயர். அந்த வட்டாரத்தில் குடிவரவு அலுவலகம் இல்லையென்றால் காவல் நிலையத்தில் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். கடமை வீட்டுக்காரருடையது, அபராதமும் அவருக்குத்தான். வீடு மாமியார் பெயரில் இருந்தால், தாமதத்துக்குக் காசு கட்டப்போகிறவர் உங்கள் மாமியார். உறவைத் தொடங்க அது நல்ல வழி அல்ல. ஆகவே மறுநாள் காலையிலேயே, வீட்டுக்காரரின் நீல நிறக் குடும்பப் பதிவுப் புத்தகம், அவருடைய அடையாள அட்டை, உங்கள் பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு நீங்களே அவரை அழைத்துப் போங்கள். கிடைக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் விசா நீட்டிப்புக்குப் போகும்போது அதைக் கேட்பார்கள்.

நீண்டகால விசாவில் இருப்பவர்கள் 90 நாட்களுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்வரை செய்யலாம். தவறினால் 2,000 பாட் அபராதம். விசா நீட்டிப்புக்குக் கட்டணம் 1,900 பாட். 50 வயதைத் தாண்டி ஓய்வுக்காக இருப்பவரிடம் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் எதிர்பார்ப்பார்கள். தாய்லாந்துப் பெண்ணை மணந்த ஆணுக்கு 4 லட்சம் இருப்பு அல்லது மாதம் 40,000 வருமானம். மண அடிப்படையில் கேட்டால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பதும், அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பதும் உண்டு. இடையில் ஊருக்குப் போய்வர நினைத்தால் மறுநுழைவு அனுமதி வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். வாங்காமல் போனால் அதுவரை பெற்ற நீட்டிப்பு அத்தோடு போயிற்று. அனுமதிக் காலத்தைத் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட்.

வேலை அனுமதி இல்லாமல் சம்பாதிக்கக் கூடாது. மனைவியின் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாலும் யாராவது புகார் கொடுத்தால் சிக்கல்தான். உட்காராதீர்கள்.

முதல் வாரம்

ஊர்த் தலைவரை 'பூ யாய் பான்' என்பார்கள். அவருக்கு மேல் தம்போன் அளவில் 'கம்னன்'. முதல் வாரத்துக்குள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு தலைவரின் வீட்டுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பழமோ பிஸ்கட்டோ கொண்டுபோனால் போதும். தனியாகப் போக வேண்டாம், உங்களை அறிமுகப்படுத்த வேண்டியவர் வீட்டார். பிற்காலத்தில் சாட்சிக் கையெழுத்து, பக்கத்து வயலோடு தகராறு, வீட்டில் புகுந்த பாம்பு என எதுவானாலும் முதலில் போக வேண்டிய இடம் அவர் வீடுதான்.

அவர் குரலை அதற்கு முன்பே கேட்டிருப்பீர்கள். ஊர் நடுவே கம்பத்தில் ஒலிபெருக்கி இருக்கும். விடியும் நேரத்தில் தண்ணீர் நிறுத்தம், நாய்த் தடுப்பூசி, கூட்டம், யார் வீட்டில் சாவு என்று எல்லாம் அதில் வரும். முன்னும் பின்னும் பாட்டு வேறு. காதில் பஞ்சு வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். வீட்டாரிடம் அன்றாடம் 'இன்று என்ன சொன்னார்கள்' என்று கேட்பது அதைவிடப் பயன் தரும்.

தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எங்கே போகிறீர்கள், சாப்பிட்டாயிற்றா, குளித்தாயிற்றா என்று கேட்பார்கள். அது விசாரணை அல்ல, வணக்கம். கடைக்கு, சாப்பிட்டேன் என்று சொல்லிச் சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

வீட்டுக்குள்

குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஊரின் சொந்த ஏற்பாடு. குளிக்கவும் துவைக்கவும் சரி, குடிக்க வேண்டாம். குடிநீர் 20 லிட்டர் கேன்களில் வண்டியில் வரும். மழை நீரைப் பிடித்து வைக்கும் பெரிய சிமெண்ட் குதிர்கள் வாசலில் நிற்கும். 1980களில் அரசு ஊக்கத்தோடு ஈசான் முழுக்கப் பரவிய ஏற்பாடு இது, ஒரு குதிரில் 2,000 லிட்டர் பிடிக்கும். மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. குளியல் தொட்டித் தண்ணீரில் சிறு துணிப் பையில் மணல் போலக் கிடப்பது கொசுப்புழு மருந்து, எடுத்துக் கொட்டிவிடாதீர்கள்.

மின்சாரம் 220 வோல்ட். பழைய வீடுகளில் எர்த் இணைப்பு இருக்காது. குளிர்காலத்தில் குளியலறைக்கு ஹீட்டர் வாங்கும் ஆசை வரும். எர்த்தும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் போட்ட பிறகுதான் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் மின்தடை சகஜம், டார்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காலணியைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். பூரானும் தேளும் அங்கே ஒதுங்கும்.

வீட்டு வாசலில் தூண்மேல் சிறு மாடம் இருந்தால் அது நிலத்துத் தெய்வத்தின் இடம். ஊர் எல்லையில் வெட்டாமல் விட்ட தோப்பு இருந்தால் அது 'பூ தா' எனப்படும் மூதாதைத் தெய்வத்தின் தோப்பு. விறகுக்கோ படம் எடுக்கவோ உள்ளே நுழையாதீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

சாப்பாடு

ஈசானில் சோறு என்றால் ஒட்டரிசிச் சோறு. இரவே ஊறவைத்து, காலையில் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, மூடியுள்ள சிறு கூடையில் வைப்பார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும், அதில் நமக்குச் சிரமமில்லை. ஆனால் குழம்பை ஊற்றிப் பிசைகிற வேலை நடக்காது. விரல் நுனியால் சிறு உருண்டை எடுத்து, அழுத்தி, தொடுகறியில் தொட்டு வாயில் போடுவதுதான் முறை. முதல் நாட்களில் வயிறு கல்லாகிவிட்டதுபோல் இருக்கும். சாதாரண அரிசியும் கடையில் கிடைக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பழகுங்கள்.

பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் 'சோம் தம்', கொத்திய இறைச்சியில் வறுத்த அரிசிப் பொடி தூவிய 'லாப்', எரிக்கும் மிளகாய்த் துவையல்கள், இவையெல்லாம் தமிழ் நாக்குக்கு விரைவில் ஒத்துப்போகும். ஒத்துப்போக நாளாவது 'பிளா ரா'. ஆற்று மீனை உப்பும் தவிடும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைப்பது அது. வாசனை கருவாட்டையும் தாண்டியது. பிடிக்காவிட்டால் பப்பாளியைத் 'தம் தாய்' பாணியில் கேளுங்கள், அதில் பிளா ரா சேராது. காய்ந்த இறால் சேரும்.

சைவர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன்: கடினம். கோழி வேண்டாம் என்றால் புரிந்துகொள்வார்கள்; மீன் சாறு உப்பைப் போன்றது, அதை விட்டுச் சமைப்பது அவர்கள் கணக்கிலேயே இருக்காது. 'ஜே' என்ற சொல் உதவும். சீனப் புத்த வழக்கப்படியான அந்த உணவில் மீன், முட்டை, பால் எதுவும் இல்லை; பூண்டு, வெங்காயமும் கூட இல்லை. சிறு நகரங்களில் மஞ்சள் நிறக் கொடியில் சிவப்பு எழுத்தோடு அந்தக் கடைகளைக் காணலாம். கிராமத்தில் இருப்பது உங்கள் சொந்த அடுப்புத்தான்.

காய்கறிக்கு ஊர்விட்டுப் போக வேண்டியதில்லை. பின்புறம் முழுவதும் சிறு சிறு பிளாஸ்டிக் பைகள் தொங்கும் பிக்கப் வண்டி காலையில் ஒலி எழுப்பிக்கொண்டே வரும். கீரை, தக்காளி, முட்டை, மீன் எல்லாம் அதில் உண்டு. வாரச் சந்தையும் உண்டு.

இந்தப் பகுதியில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒரே விதி: பச்சை மீன் வேண்டாம். நன்னீர் மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துச் செய்யும் 'கோய் பிளா' விருந்துகளில் வரும். அந்த மீன்களில் கல்லீரல் புழுவின் இளம் பருவம் இருக்கக்கூடும். எலுமிச்சை அதைக் கொல்லாது, மதுவும் கொல்லாது, வேகவைத்தால்தான் சாகும். பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்றாக வடகிழக்குத் தாய்லாந்து இருப்பதற்குக் காரணம் இந்தப் புழு. பச்சைப் பன்றி இறைச்சியிலும் இரத்தத்திலும் வேறொரு கிருமி உண்டு, அது காது கேட்காமல் செய்துவிடக்கூடியது. மறுப்பதற்கு எளிய வழி, மருத்துவர் கூடாது என்றிருக்கிறார் என்பது. யாரும் வருந்த மாட்டார்கள். பிளா ராவையும் கொதிக்கவைத்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

உடம்பு

நம்மவர்களில் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈசான் மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் பாக்டீரியா வாழ்கிறது. சர்க்கரை நோயாளிகளை அது கடுமையாகத் தாக்கும், உயிரையும் எடுக்கும். எலிக்காய்ச்சலும் வயல் நீரில்தான் காத்திருக்கிறது. நடவு பார்க்க ஆசையாக வெறுங்காலோடு இறங்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் சந்தையில் மலிவு. காலில் புண் இருந்தால் பூட்ஸோடும் இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கினீர்களா என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

தம்போன் அளவில் சிறு சுகாதார நிலையம் உண்டு, காயத்துக்கும் தடுப்பூசிக்கும் அது போதும். அம்போவில் அரசு மருத்துவமனை. ஊருக்குள் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருப்பார்கள். நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இவர்களில் உங்கள் தெருவுக்கானவரை அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கான மலிவு மருத்துவத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது, ஆகவே காப்பீடு எடுங்கள். அவசர ஊர்திக்கு 1669. நாய் கடித்தால் வளர்ப்பு நாயா தெரு நாயா என்று ஆராயாமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வண்டி

மோட்டார் சைக்கிள் இல்லாமல் கிராமத்தில் வாழ முடியாது. தாய்லாந்தில் சாலையில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டிக்காரர்கள்தான் என்பதும் உண்மை. நம் ஊரைப்போல இடப்பக்கம் ஓட்டுவதால் நாம் பெறும் தைரியம் கொஞ்சம் கூடுதலானது. உள்சாலைகளில் விளக்கில்லாத பண்ணை வண்டி, படுத்திருக்கும் நாய், எதிர்த்திசையில் வரும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் உண்டு. இருட்டியபின் ஓட்டாதீர்கள். ஹெல்மெட் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் போடாவிட்டாலும். சர்வதேச உரிமத்தில் இருசக்கர வண்டிக்கான முத்திரை இல்லையென்றால் விபத்தின்போது காப்பீடு கைவிரித்துவிடும். நீண்ட காலம் இருப்பவர்கள் மருத்துவச் சான்றும் இருப்பிடச் சான்றும் காட்டி உள்ளூர் உரிமம் எடுக்கலாம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. அந்த நாட்களில் பாதிச் சாலை குடித்திருக்கும். வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள்.

கோயிலும் உறையும்

விடியற்காலையில் பிக்குகள் பிச்சைக்கு வருவார்கள். வீட்டுப் பெண்கள் மண்டியிட்டு ஒட்டரிசி உருண்டையைப் பாத்திரத்தில் இடுவார்கள். நீங்களும் சேரலாம், காலணியைக் கழற்றிவிட்டு. பெண்கள் பிக்குவைத் தொடவோ கைக்குக் கையாகப் பொருள் தரவோ கூடாது. புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டி உட்காராதீர்கள். மதம் மாறச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்களை ஊர் எடைபோடும் இடம் சாவு வீடு. உடலைச் சில நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்து, மாலைதோறும் பிக்குகள் ஓத, ஊரே கூடிச் சமைக்கும். கறுப்போ வெள்ளையோ உடுத்திப் போய், ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு, உறையில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். உறைமேல் பெயர் எழுதுவார்கள், நோட்டில் குறித்துக்கொள்வார்கள், பிறகு உங்கள் வீட்டில் விசேஷம் வரும்போது அது திரும்பி வரும். மொய் நோட்டை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணம், பிக்குவாகத் துறவேற்பு, புது வீடு, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிக்குகளுக்குச் சீவரம் எனப்படும் துறவாடை வழங்கும் கதின் விழா, எல்லாவற்றுக்கும் உறை உண்டு. தொகையை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உறை வீட்டின் பெயரில் போகிறது. வீட்டார் சொல்லும் தொகைதான் சரியான தொகை. வெளிநாட்டவர் என்று பத்து மடங்கு வைத்தால், அதைத் திருப்பிச் செய்ய வேண்டிய ஏழைக் குடும்பத்துக்குத்தான் சுமை. உறையைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல், பாத்திரம் கழுவுங்கள், நாற்காலி தூக்குங்கள்.

மே மாதம் மழை வேண்டி மூங்கில் ராக்கெட் விடும் 'புன் பாங் ஃபாய்' திருவிழா வரும். ஏவும் மேடையிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். குடித்துவிட்டு அரசியல் பேசும் கூட்டத்தில் அரச குடும்பம் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு சொல்லும் வேண்டாம். அவமதிப்பு என்று ஆகிவிட்டால் குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவின்படி 3 முதல் 15 ஆண்டு வரை சிறை.

பணம், நிலம்

மணம் முடிக்கப்போகும் ஆண், பெண் வீட்டாருக்குப் பரிசம் தர வேண்டும். 'சின் சோட்' எனப்படும் இதற்குப் பேரம் உண்டு, பேசுவதற்குப் பெரியவர் ஒருவரை அனுப்புவதும் உண்டு. கல்யாணத்தன்று தட்டில் பரப்பிக் காட்டப்படும் பணத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ பின்னர் திருப்பித் தரும் குடும்பங்களும் இருக்கின்றன. எதுவாயினும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

கடன் கேட்பார்கள். உரத்துக்கு, வண்டித் தவணைக்கு, பிள்ளையின் பள்ளிக்கு. நேராக மறுத்தால் கேட்டவருக்கு முகம் போய்விடும். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று மனைவியிடமோ மாமியாரிடமோ தள்ளிவிடுவதுதான் நல்லது. யாருக்குக் கொடுத்தால் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும், மறுக்கும் விதமும் தெரியும்.

வெளிநாட்டவர் தம் பெயரில் நிலம் வாங்க முடியாது. மனைவி பெயரில் வாங்கும்போது, அந்தப் பணம் அவருடைய தனிச் சொத்து என்று நில அலுவலகத்தில் நீங்களும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பின் நிலத்தில் உங்களுக்குப் பங்கு கேட்க முடியாது என்று நினைத்துக்கொண்டே பணத்தைக் கொடுங்கள். உங்கள் பாதுகாப்புக்கு இரண்டு வழிகள் உண்டு: 30 ஆண்டு வரையிலான குத்தகை, அல்லது ஆயுள் வரைக்கும் கூட எழுதக்கூடிய அனுபவ உரிமை. இரண்டையும் நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாத குத்தகை 3 ஆண்டுக்கு மேல் செல்லாது. வீட்டுக் கட்டடம் உங்கள் பெயரில் இருக்கலாம். கட்டட அனுமதியும் செலவு ரசீதுகளும் அப்படியே இருக்கட்டும்.

பத்திரத்தில் எந்த வகை என்று பாருங்கள். 'சநோட்' என்பது முழு உரிமைப் பத்திரம், தலைப்பில் சிவப்புக் கருடன் இருக்கும். 'சோ போ கோ' என்பது நிலச் சீர்திருத்தத்தில் உழவருக்குப் பயிரிடக் கொடுத்த நிலம்; விற்க முடியாது, வாரிசுக்குப் போகலாம். ஈசானில் இது ஏராளம், மலிவாகவும் சொல்வார்கள். அதில் மாளிகை கட்டாதீர்கள். அசல் பத்திரம் விவசாய வங்கியில் அடகில் இருக்கிறதா என்பதையும் நில அலுவலகத்தில் கேளுங்கள். நில அளவு 'ராய்' கணக்கில் வரும். ஒரு ராய் 1,600 சதுர மீட்டர், ஏறத்தாழ 40 சென்ட்.

ஊன்றிய பின்

தாய்லாந்து எழுத்துப் படிக்கப் பயப்படாதீர்கள். பல்லவர் எழுத்திலிருந்து கெமர் வழியாக உருவான எழுத்து அது. எ, ஏ, ஐ, ஒ ஒலிகளுக்கான குறி, மெய்க்கு முன்னால் வந்து நிற்பதைக் கண்டு ஐரோப்பியர் குழம்புவார்கள். 'கெ'யும் 'கை'யும் எழுதிப் பழகிய நமக்கு அது இயல்பு. கடினம் ஐந்து தொனிகளில்தான் இருக்கிறது. ஊரில் பேசுவது லாவோவுக்கு நெருங்கிய ஈசான் மொழி, சுரின், புரிராம் பக்கம் கெமரும் உண்டு. இருந்தாலும் அலுவலகம், மருத்துவமனை, பலகைகள் எல்லாம் தாய்லாந்தின் பொது மொழியில் என்பதால் அதையே முதலில் பிடியுங்கள். மருந்துப் பெட்டியில் 2569 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், புத்த ஆண்டில் 543ஐக் கழித்துப் பாருங்கள்.

காலூன்றிய பின் அம்போ அலுவலகத்தில், வெளிநாட்டவரின் பெயரைப் பதியும் மஞ்சள் நிறக் குடும்பப் பதிவுப் புத்தகத்துக்கு விண்ணப்பியுங்கள். மொழிபெயர்த்துச் சான்றளித்த பாஸ்போர்ட், வீட்டுக்காரர், சாட்சிகள், பெரும்பாலும் ஊர்த் தலைவர் என எல்லாரும் ஒரே நாளில் அங்கே இருக்க வேண்டும். கேட்கும் தாள்கள் அம்போவுக்கு அம்போ மாறும் என்பதால் முதலில் பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு வெளிநாட்டவருக்கான இளஞ்சிவப்பு அடையாள அட்டையும் எடுக்கலாம். இவற்றால் குடியுரிமையோ தங்கும் உரிமையோ வந்துவிடாது, விசா விசாதான். ஆனால் ஓட்டுநர் உரிமத்துக்கும் வண்டிப் பதிவுக்கும் ஒவ்வொரு முறையும் குடிவரவு அலுவலகத்துக்கு ஓடி இருப்பிடச் சான்று வாங்கும் வேலை அதோடு முடிந்துவிடும். அன்று உங்களோடு அம்போவுக்கு வந்தவர்களை மதிய உணவுக்கு அழைத்துப் போங்கள், செலவு உங்களுடையது.